250 டொலர் விறகடுப்பு: ஏற்றப் போவதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஒக்டோபர் பிறந்துவிட்டால் ஒன்ராறியோ விளம்பரப் பக்கங்களில் பழைய விறகடுப்புகள் வரிசை கட்டும். ஒரு கறுத்தப் பெட்டி, முன்னால் கதவு, பின்னால் ஓட்டை, கீழே ஒரு வரி: "நல்லா எரியும், 250 டொலர், நீங்களே வந்து ஏற்ற வேணும்." ரொறன்ரோ வீட்டை விற்றுவிட்டு பீற்றர்பரோ, லின்ட்ஸே பக்கம் காணியோடு வீடு வாங்கிப் போன எங்கட ஆட்கள் இந்தப் படங்களை எனக்கு அனுப்புவார்கள். "அண்ணை, இதை எடுக்கலாமோ?"

படத்தை வைத்துக்கொண்டு நான் ஒன்றும் சொல்வதில்லை. திருப்பி மூன்று கேள்வி கேட்பேன். வீட்டுக்குக் காஸ் லைன் இருக்கிறதா? புகைபோக்கி இருக்கிறதா, அதன் உள்விட்டம் என்ன? காப்புறுதிக் கொம்பனியோடு கதைத்தீர்களா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால், அடுப்பைக் கண்ணால் காணாமலே முக்கால்வாசித் தீர்மானம் முடிந்துவிடும்.

இந்த ஒழுங்கு எனக்குக் காசு கொடுத்து வந்த புத்தி. என் முதல் அடுப்பை 200 டொலருக்கு வாங்கி, மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போய் ஏற்றி, வீட்டில் இறக்கின பிறகுதான் அதன் புகைவாய் 8 அங்குலம், என் புகைபோக்கி 6 அங்குலம் என்று கண்டேன். இரண்டு வருசம் கராஜில் ஸ்னோ ரயர் அடுக்கும் மேசையாக நின்றது. பிறகு பழைய இரும்பு எடுப்பவர் வந்து கொண்டுபோனார். ஏற்றுகூலி கேட்காமல் விட்டது அவருடைய பெருந்தன்மை.

முதலாவது: எதற்காக வேண்டும்?

வெப்பச் செலவைக் குறைக்க என்றால் முதலில் கணக்குப் பார்க்க வேண்டும். ஒன்ராறியோவில் விறகு இரண்டு அளவில் விற்கிறார்கள். புஷ் கோர்ட் என்பது 4 அடி அகலம், 4 அடி உயரம், 8 அடி நீளம், அதாவது 128 கன அடி. ஃபேஸ் கோர்ட்டுக்கும் முன்பக்கம் அதே 4க்கு 8தான், ஆனால் ஆழம் ஒரு விறகுத் துண்டின் நீளம் மட்டும், வழக்கமாக 16 அங்குலம். மூன்று ஃபேஸ் கோர்ட் சேர்ந்தால்தான் ஒரு புஷ் கோர்ட். "கோர்ட் மலிவாகக் கிடைக்குது" என்று யாரும் சொன்னால், எந்தக் கோர்ட் என்று கேளுங்கள்.

நன்றாகக் காய்ந்த சுகர் மேப்பிள் ஒரு புஷ் கோர்ட்டில் ஏறக்குறைய 24 மில்லியன் பி.ரி.யூ. (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம் இருக்கிறது. பழைய அடுப்பில் கிட்டத்தட்ட பாதி வீட்டுக்கு வரும், மீதி புகையோடு ஆகாயத்துக்குப் போகும். ஆக, கையில் கிடைப்பது 12 மில்லியன். புதிய வகை அடுப்பு 75 வீதம் எடுத்தால் அதே விறகில் 18 மில்லியன்.

அந்த 12 மில்லியன் என்பது மின்சாரத்தில் சுமார் 3,500 யூனிற். இயற்கை வாயுவில், நல்ல ஃபேர்னஸ் என்றால், சுமார் 350 கனமீற்றர். இனி உங்கள் பில்லை எடுத்து மேசையில் வையுங்கள். ஒரு புஷ் கோர்ட் 400 டொலருக்கு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாயு ஒரு கனமீற்றர் எல்லாச் செலவோடும் 50 சதம் என்றாலும் அதே சூடு 175 டொலருக்கு வந்துவிடும். காஸ் லைன் உள்ள வீட்டில் காசு கொடுத்து விறகு வாங்கி மிச்சம் பிடிக்க ஏலாது. சுவரோரம் ஓடும் பழைய மின்சார ஹீற்றர் என்றால், யூனிற் 13 சதமாக 455 டொலர். அங்கே விறகு கொஞ்சம் முன்னுக்கு நிற்கும். ஹீற் பம்ப் இருந்தால் மின்சாரச் செலவு பாதிக்கும் கீழே இறங்கி, விறகு மறுபடி தோற்றுப்போகும். எண்ணெயும் புரோப்பேனும் எரிக்கும் நாட்டுப்புற வீடுகளில்தான் விறகுக்கு உண்மையான இடம் இருக்கிறது.

சொந்தக் காணியில் மரம் இருந்தால் கதை வேறு. வட அமெரிக்காவில் 2002இல் விண்ட்சர், டிற்றோயிற் பக்கம் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட பச்சை வண்டு ஒன்று தெற்கு ஒன்ராறியோவின் ஆஷ் மரங்களைக் கூட்டமாகக் கொன்றுவிட்டது. காணிக்குள் நிற்கும் செத்த ஆஷ் எல்லாம் நல்ல விறகு. காணிக்குள்ளேயே எரித்துவிடுங்கள். விறகோடு பூச்சியும் ஊர் மாறும் என்பதால் வேறு இடத்துக்கு ஏற்றிப் போகக் கூடாது.

காசுக் கணக்கைத் தாண்டி இன்னொரு காரணம் உண்டு, அதை நான் மதிக்கிறேன்: கரண்ட் போகும் இரவு. 1998 ஜனவரியில் கிழக்கு ஒன்ராறியோவையும் கியூபெக்கையும், 2013 டிசம்பரில் ரொறன்ரோவையும், 2025 மார்ச் கடைசியில் பீற்றர்பரோ, ஒறிலியா வட்டாரத்தையும் பனிமழை படுத்தியது. அப்படியான நாட்களில் காஸ் ஃபேர்னஸ்கூட நின்றுவிடும், ஏனென்றால் காற்றைத் தள்ளும் விசிறிக்குக் கரண்ட் வேண்டும். விறகடுப்புக்கு ஒன்றும் வேண்டாம். வருசத்தில் பத்து நாள் எரிக்கத்தான் என்றால் அடுப்பின் வினைத்திறன் பெரிய விசயமில்லை. பாதுகாப்பு மட்டும் அதே அளவு முக்கியம். நெருப்புக்குப் பத்து நாளும் ஒன்றுதான், நூறு நாளும் ஒன்றுதான்.

இரண்டாவது: இரண்டு தொலைபேசி அழைப்பு

முதல் அழைப்பு காப்புறுதிக்கு. "விறகடுப்புப் பூட்டலாமா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். அடுப்பின் வயசு, சோதனையில் தேறியது என்று காட்டும் சான்றுத் தகடு இருக்கிறதா, பிரதான வெப்பமா துணை வெப்பமா, வருசம் எத்தனை கோர்ட் எரிப்பீர்கள் என்று அவர்கள் கேட்பார்கள். பதிலோடு எடுங்கள். பல கொம்பனிகள் தகடு இல்லாத அடுப்பை ஏற்பதில்லை. ஏற்பவர்களும் 'வெற்' பரிசோதனை அறிக்கை கேட்பார்கள். வெற் என்பது கனடாவில் விறகு வெப்பச் சாதனங்களுக்குப் பயிற்சியும் சான்றும் கொடுக்கும் அமைப்பு. அந்தச் சான்றுள்ள ஒருவர் வீட்டுக்கு வந்து அடுப்பு, குழாய், புகைபோக்கி, இடைவெளி எல்லாம் அளந்து எழுதித் தருவார். கொம்பனியின் பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். வாயால் சொன்னது நெருப்புப் பிடித்த பிறகு ஒருவருக்கும் ஞாபகம் வராது.

இரண்டாவது அழைப்பு நகரசபைக் கட்டடப் பிரிவுக்கு. ஒன்ராறியோவில் விறகடுப்புப் பூட்டக் கட்டட அனுமதி எடுக்க வேண்டும். மொன்றியால் நகரத்துக்குள் இருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை இன்னும் சுருக்கம்: 2018 ஒக்டோபர் முதல் மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் நுண்துகள் விடும் அடுப்பை அங்கே சாதாரண நாட்களில் எரிக்க முடியாது. பழைய அடுப்பு அநேகமாக எல்லாம் அந்தக் கோட்டுக்கு வெளியில்தான்.

மூன்றாவது: புகைபோக்கி

ஊரில் எங்களுக்கு நெருப்பு தெரியும். பொச்சுமட்டை, பன்னாடை, ஊமல் எல்லாம் எரித்த குசினியில் வளர்ந்தவர்கள்தான் நாங்கள். ஆனால் அங்கே புகை ஓட்டுக்குள்ளால் தன்பாட்டில் போய்விடும். இங்கே வீடு போத்தல் மாதிரி அடைத்திருக்கும். புகையை மேலே இழுத்தெடுப்பது புகைபோக்கியின் வேலை. அதைச் சரியாகச் செய்யாத புகைபோக்கிக்கு முன்னால் உலகத்தின் மிகச் சிறந்த அடுப்பும் வெறும் இரும்புதான்.

புகைபோக்கியே இல்லாத வீடு என்றால், புதிதாகப் பூட்டும் செலவு அடுப்பின் விலையைப் பல மடங்கு தாண்டி ஆயிரக்கணக்கில் போகும். அவ்வளவு காசைப் போட்டபின் அதன் அடியில் 250 டொலர்ப் பழசை வைப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. புது அடுப்பை வையுங்கள். இந்த வழிகாட்டியை இத்துடன் மூடிவிடலாம்.

இருக்கிற வீட்டில் அது எந்த வகை என்று பாருங்கள். செங்கல் புகைபோக்கி என்றால் உள்ளே சுட்ட களிமண் குழாயோ துருப்பிடிக்காத உருக்குக் குழாயோ இருக்க வேண்டும். வெறும் செங்கல்லுக்குள் எரிக்கக் கூடாது. களிமண் குழாய் வெடித்திருந்தால் உருக்குக் குழாய் இறக்க வேண்டிவரும். உலோகப் புகைபோக்கி என்றால் தகட்டில் '650 பாகை' (செல்சியஸ்) என்று இருக்கிறதா பாருங்கள். அது கனடாவில் விறகுக்கென்றே சோதித்த வகை. காஸ் சாதனத்துக்குப் போட்ட மெல்லிய இரட்டைக் குழாயும் பார்வைக்குக் கிட்டத்தட்ட இதே மாதிரித்தான் இருக்கும். அதில் விறகு எரித்தால் வீடு போகும். எண்ணெய் ஃபேர்னஸ் போகும் அதே வழியில் விறகடுப்பையும் சொருகலாம் என்று யாரும் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

அடுத்தது உள்விட்டம். 6 அங்குல வட்டத்தின் பரப்பு 28 சதுர அங்குலம், 8 அங்குலத்தினது 50. பெரிய புகைவாய் உள்ள அடுப்பை ஒடுங்கிய புகைபோக்கியில் மாட்டினால் கதவைத் திறக்கிறபோதெல்லாம் புகை முகத்தில் அடிக்கும். மறுவளமாக, சின்ன அடுப்பைப் பெரிய செங்கல் புகைபோக்கியில் மாட்டினால் புகை உள்ளே ஆறிப்போய்ச் சுவரில் தார் மாதிரிப் படியும். கிரியோசோட் என்பது அதுதான். புகை 120 பாகைக்குக் கீழே குளிர்ந்தால் அது ஒட்டத் தொடங்கும். ஒருநாள் தீப்பிடித்தால் உள்ளே 1,100 பாகைக்கு மேலே ஏறும்.

உயரத்துக்கு ஒரு எளிய விதி: கூரையைத் துளைத்து வெளியே வரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி, 10 அடிச் சுற்றுக்குள் இருக்கும் எதைவிடவும் 2 அடி கூடுதல்.

நான்காவது: இடம்

இதில்தான் அநேகம் பேரின் ஆசை முடிகிறது. சான்றுத் தகடு உள்ள அடுப்பில் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கவேண்டும் என்று தகட்டிலேயே எழுதியிருக்கும். சிலவற்றுக்கு ஒரு சாணோ ஒன்றரைச் சாணோ போதும். தகடு இல்லாத அடுப்புக்குக் கனடாவின் தர நிர்ணய அமைப்பான சி.எஸ்.ஏ.யின் பி365 விதி கேட்பது 48 அங்குலம், பக்கமும் பின்னும். நாலு அடி!

நிலத்தில் மாஸ்கிங் ரேப் ஒட்டிப் பாருங்கள். 2 அடி அகலமான அடுப்புக்கு இரண்டு பக்கமும் நாலு நாலு அடி விட்டால் 10 அடி. பின்னால் 4 அடி, அடுப்பின் ஆழம் இரண்டரை, முன்னால் ஒன்றரை அடித் தளம். இருக்கையறையில் மிச்சம் இருப்பது ஒரு சோபா வைக்கும் இடம்தான். ஒரு தம்பியின் வீட்டில் இப்படி ரேப் ஒட்டினபோது அவருடைய மனைவி அந்தச் சதுரத்துக்குள் ஏறி நின்று, "இதுக்குள்ள இனி நான் எங்க இருக்கிறது?" என்று கேட்டார். அன்றோடு அந்த அடுப்புக் கதை முடிந்தது.

சுவருக்கும் தகட்டுக்கும் இடையில் ஒரு அங்குலமளவு காற்று ஓட விட்டு, கீழும் மேலும் திறந்தபடி உலோகத் தகடு அடித்தால் 48 அங்குலத்தை 16 ஆகக் குறைக்கலாம். தகட்டை நேரே சுவரில் அறைந்தால் பிரயோசனம் இல்லை. காப்பது நடுவில் ஓடும் காற்று. மரச்சட்டத்துக்கு மேல் ஒட்டின அலங்காரக் கல் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம், கல்லும் சூட்டைக் கடத்தும். அடுப்பையும் புகைபோக்கியையும் இணைக்கும் ஒற்றைச் சுவர்க் குழாய்க்கும் 18 அங்குலம் விட வேண்டும். அதை எல்லாரும் மறந்துவிடுவார்கள்.

ஐந்தாவது: வயசு சொல்லும் கதை

இப்போதுதான் அடுப்புக்கு வருகிறோம். 1973இல் எண்ணெய் விலை ஏறினதும் வட அமெரிக்காவில் விறகடுப்புக் கொம்பனிகள் காளான் மாதிரி முளைத்தன. இன்று 'அன்ரிக்' என்று விற்பவற்றில் பாதிக்கு மேல் அந்தக் காலத்தவை. ஒறெகன் மாநிலத்தில் தொடங்கின ஃபிஷர் அடுப்புகளைப் பார்த்திருப்பீர்கள். படிவைத்த மேற்தகடு, தடித்த உருக்கு, பப்பா பெயார், மமா பெயார், பேபி பெயார் என்று கரடிக் குடும்பப் பெயர். இரும்பு இன்னும் நூறு வருசம் நிற்கும். ஆனால் உள்ளே புகையைத் திரும்ப எரிக்க ஒன்றும் இல்லை, வெறும் பெட்டி. நோர்வேயின் யோட்டுல் 1853இல் தொடங்கிய வார்ப்படசாலை. அதன் நீண்டு ஒடுங்கிய 118ஆம் இலக்க அடுப்பில் விறகு முன்னாலிருந்து பின்னுக்குச் சுருட்டு மாதிரி எரியும். பழசுகளுக்குள் அது கெட்டிக்காரன். 1975இல் தொடங்கிய வெர்மொன்ற் காஸ்ரிங்ஸின் வார்ப்பிரும்பு அடுப்புகள் வடிவானவை, ஆனால் பல துண்டுகளைச் சீமெந்து பூசி இணைத்தவை. முப்பது நாற்பது வருசத்தில் அந்தச் சீமெந்து உதிர்ந்துவிடும். எல்லாத்தையும் கழற்றித் திரும்ப ஒட்டும் பொறுமை உங்களிடம் இருந்தால் சரி.

ஒன்ராறியோவின் கார்ல்ரன் பிளேஸ் ஊரில் வார்த்த ஃபின்ட்லே சமையல் அடுப்புகளும் வரும், நிக்கல் பூச்சும் மேல் தட்டுமாக. அழகுக்கும் பாண் சுடுவதற்கும் வாங்குங்கள். நெருப்பறை சின்னது, நடுச்சாமத்தில் எழும்பி விறகு வைக்காமல் விடியும்வரை சூடு தராது.

பெரிய பிரிகோடு 1988. அந்த வருசம் அமெரிக்கச் சுற்றாடல் முகாமையான ஈ.பி.ஏ. புகைக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. இரண்டாம் கட்டத்தில் சாதாரண அடுப்புக்கு மணிக்கு 7.5 கிராம், புகையை எரிக்க உதவும் வினையூக்கி உள்ளதுக்கு 4.1. 2015இல் 4.5 ஆனது, 2020 மே மாதத்தில் 2 ஆனது. 1988க்கு முந்தின பெட்டிகள் 15 முதல் 30 கிராம் வரை விட்டவை. அந்தப் புகை எரியாமல் போன விறகு, நீங்கள் காசு கொடுத்து வாங்கின விறகு. ஆகவே என் கைக்கணக்கு இது: 1988க்கு முந்தியது என்றால் அவசரத் தேவைக்கு மட்டும். 90களில் வந்த, தகடு உள்ள அடுப்பு நல்ல நிலையில் இருந்தால் பாவனைச் சந்தையில் அதுதான் உண்மையான லாபம்.

தகடு வழக்கமாகப் பின்பக்கத்தில் ரிவெற் அடித்திருக்கும். யூ.எல்.சி., சி.எஸ்.ஏ. அல்லது வார்னொக் ஹேர்சி என்ற சோதனை நிறுவனங்களில் ஒன்றின் முத்திரை, யூ.எல்.சி. எஸ்627 என்ற தர இலக்கம், இடைவெளி அளவுகள் இருக்க வேண்டும். போகுமுன் விற்பவரிடம் அந்தத் தகட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். "வாசிக்கேலாது, கறள் பிடிச்சுப்போச்சு" என்றால் காப்புறுதிக்காரருக்கும் வாசிக்க ஏலாது.

ஆறாவது: நேரில் பார்ப்பது

கொண்டுபோக வேண்டியவை: ரோச் லைற், ஒரு அடிமட்டம், அளவு நாடா, ஒரு ஆணி, பழைய பேப்பர், பழைய உடுப்பு. விற்பவர் கராஜுக்குள் வைத்திருந்தால் நல்லது, இருட்டு வேண்டும்.

எரியும் ரோச்சை நெருப்பறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துங்கள். கராஜ் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு அடுப்பைச் சுற்றி மெல்ல வாருங்கள். வெளிச்சம் வரும் இடமெல்லாம் காற்றுப் போகும் இடம். கதவு விளிம்பில் வந்தால் பயமில்லை, கதவு விளிம்பை அடைக்கும் கஸ்கெற் கயிறு மாற்றினால் போதும். மூலைப் பொருத்தில் ஊசி மாதிரி வந்தால் வார்ப்பிரும்பு அடுப்பில் சீமெந்து போய்விட்டது என்று அர்த்தம். தகட்டின் நடுவில் கோடு மாதிரி வந்தால் வெடிப்பு, அடுப்பை விடுங்கள். வார்ப்பிரும்பை வீட்டில் வெல்டிங் செய்து திருத்துவது எல்லாருக்கும் வராது, திருத்தினதும் அநேகமாகப் பக்கத்தில் திரும்ப வெடிக்கும்.

புதுக் கறுப்புப் பெயின்ற் அடித்திருந்தால் கவனம். பெயின்ற் அழகுக்கும் அடிப்பார்கள், வெடிப்பை மறைக்கவும் அடிப்பார்கள். ஆணி முனையால் பொருத்துகள் வழியே மெல்லக் கீறுங்கள். பசை நிரப்பின இடத்தில் ஆணி வழுக்காமல் இறங்கும்.

பிறகு தலையை உள்ளே விட்டு மேலே பாருங்கள். அங்கே ஒரு தடுப்புத் தகடு இருக்கும், நெருப்பு நேரே குழாய்க்குள் ஓடாமல் மறிப்பது. அது வில் மாதிரி வளைந்து தொங்கினால் முந்தின ஆள் அடுப்பைச் சிவக்கச் சிவக்க எரித்திருக்கிறார். தகட்டைச் சில வகைகளில் மாற்றலாம். ஆனால் அதே சூடு மற்ற இடங்களையும் தொட்டிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். மேற்தகட்டில் அடிமட்டத்தை வைத்து நடுவில் இடைவெளி தெரிகிறதா பாருங்கள். புதிய வகைகளில் மேலே ஓட்டைகள் போட்ட குழாய்கள் குறுக்கே போகும், புகையை எரிக்கச் சூடான காற்றை விடுபவை. அவை அரித்துப்போயிருந்தால் அந்த மொடலுக்கு உதிரிப்பாகம் இன்னும் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டே விலை பேசுங்கள்.

உட்பக்கத்து மஞ்சள் நெருப்புக்கல் வெடித்திருப்பதைக் காட்டி விலை குறைக்கலாம், ஆனால் அது உண்மையில் குறையில்லை. கல் மலிவு, எவரும் மாற்றலாம். மயிரிழை வெடிப்புள்ள கல்லை மாற்றவே தேவையில்லை. கவனிக்க வேண்டியது கல்லுக்குப் பின்னால் இருக்கும் இரும்பை. ஒரு கல்லைக் கழற்றிப் பாருங்கள். சாம்பலும் ஈரமும் சேர்ந்து பின் அடிமூலையைத்தான் முதலில் தின்னும், முக்கியமாக வெளிக் கொட்டிலில் கிடந்த அடுப்புகளில். கறள் பொருக்கு விரலால் உதிர்ந்தால் தகடு மெலிந்துவிட்டது. மேலால் ஓடும் செங்கறள் மட்டும் என்றால் கம்பிப் பிரஷும் அடுப்புப் பெயின்றும் போதும்.

கதவுக்குப் பேப்பர் சோதனை. கீற்று ஒன்றை விளிம்பில் வைத்துப் பூட்டி இழுங்கள். இறுக்கமாக வந்தால் நல்லது, வழுக்கி வந்தால் கயிறு போய்விட்டது. இந்தச் சோதனைக்கு அமெரிக்கர்கள் ஒரு டொலர்த் தாளைச் சொல்வார்கள். எங்கள் கனடா நோட்டு பிளாஸ்ரிக், தன்பாட்டில் வழுக்கும், பேப்பரே நல்லது. கீல், கைப்பிடி, காற்றுத் துவாரத் தகடு எல்லாம் ஆடாமல் அசைய வேண்டும். கதவுக் கண்ணாடி உடைந்திருந்தால் சாதாரணக் கண்ணாடி போட ஏலாது, செராமிக் கண்ணாடி தேவை, நூறு டொலருக்கு மேல் போகும்.

வினையூக்கி உள்ள அடுப்பென்றால் தேன்கூடு மாதிரியான அந்தத் துண்டைப் பாருங்கள். உடைந்தோ சாம்பல் அடைத்தோ இருந்தால் மாற்றச் சில நூறு டொலர். 80களுக்கு முந்தின அடுப்புகளில் வெள்ளைக் கயிறும் அடியில் வைத்த பலகையும் அஸ்பெஸ்ரஸாக இருக்கலாம். அதைப் பிய்க்கவோ கூட்டவோ வேண்டாம்.

வெட்டின எண்ணெய்ப் பீப்பாயில் கதவு பொருத்தின அடுப்புகளைப் பற்றிக் கேட்காதீர்கள். கொட்டிலுக்கும் வேண்டாம்.

ஏழாவது: பெரிசு நல்லது என்ற நினைப்பு

பழைய வீடுகள் காற்றோட்டமானவை, அதற்கேற்ப பழைய அடுப்புகள் பெரிசு. நன்றாகக் காப்பிட்ட வீட்டில் அப்படி ஒன்றை வைத்தால் அரைமணியில் அறை 30 பாகை. சன்னலைத் திறப்பீர்கள், பிறகு காற்றை அடைத்து நெருப்பை அமுக்குவீர்கள். அமுங்கின நெருப்பு புகைந்து கிரியோசோட் கட்டும். சின்ன அடுப்பைச் சுவாலையோடு எரிப்பதுதான் சுத்தம். அடைத்த வீடுகளில் குசினி விசிறியும் துணி உலர்த்தியும் ஒன்றாக ஓடினால் புகையைத் திருப்பி வீட்டுக்குள் இழுக்கும் என்பதையும் வைத்துக்கொள்ளுங்கள். எரிபொருள் எரிக்கும் வீட்டில், படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி 2014 ஒக்டோபர் முதல் ஒன்ராறியோவில் சட்டம்.

விறகு இப்போதே இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஈரம் 20 வீதத்துக்குக் கீழே வர ஆஷுக்கு ஒரு வருசம், ஓக்குக்கு இரண்டு வருசம் அளவில் எடுக்கும். ஈரமானி முப்பது நாற்பது டொலர். துண்டைப் பிளந்து புதிய முகத்தில் குத்திப் பாருங்கள், வெளிப்பக்கம் எப்போதும் பொய் சொல்லும். ஒக்டோபரில் அடுப்பும் விறகும் ஒன்றாக வாங்குபவர் அந்த மாரி முழுக்க அடுப்பைத்தான் திட்டுவார்.

எட்டாவது: கூட்டிப் பார்த்து, ஏற்றுவது

ஒரு தாளில் எழுதுங்கள்: கேட்கும் விலை, கயிறு, கல், கண்ணாடி, இணைப்புக் குழாய், அடித்தளம், சுவர்த் தகடு, அனுமதிக் கட்டணம், வெற் பரிசோதனை, புகைபோக்கி துப்புரவு. அதற்குப் பக்கத்தில் விறகு. வருசம் 60 மில்லியன் பி.ரி.யூ. தேவைப்படும் வீட்டில் பழைய பெட்டி 5 புஷ் கோர்ட் தின்னும், 75 வீத அடுப்பு 3.3 போதும் என்னும். 400 டொலர்ப்படி வித்தியாசம் வருசம் 650 டொலருக்கு மேல். மூன்று நாலு மாரியில் நல்ல புது அடுப்பொன்றின் விலை வந்துவிடும். விறகு இலவசமானாலும் அந்த ஒன்றரைக் கோர்ட்டை வெட்டிப் பிளந்து அடுக்குவது உங்கள் நாரிதான்.

இதெல்லாம் தாண்டியும் கணக்குச் சரிவந்தால், விலை பேசுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் விற்பவருக்கு இடம் வேண்டியிருக்கும், உங்களுக்கும் குளிர் அவசரம் இருக்காது. கேட்ட விலையில் மூன்றில் ஒன்று குறைப்பது அப்போது பெரிய பாடில்லை.

ஏற்றும் நாளில் முதலில் சாம்பலை வாளியில் அள்ளுங்கள், உள்ளே தணல் இருக்கிறதா என்று கையால் அல்ல, கோலால் கிளறிப் பாருங்கள். கதவைக் கழற்றிப் போர்வையில் சுற்றுங்கள். நெருப்புக்கற்களைக் கழற்ற முன் படமெடுத்து, சோக்கால் இலக்கம் போட்டு எடுத்தால் நிறையில் கணிசமான பங்கு குறையும். மிச்சமும் 150 கிலோவுக்குக் கிட்ட நிற்கலாம், காலில் பிடித்துத் தூக்கினால் வார்ப்பிரும்புக் கால் முறியும், அடித்தகட்டில் பிடியுங்கள். பிக்கப்பில் கதவுப்பக்கம் முன்னால் பார்க்க வைத்து இரண்டு பட்டி போட்டு இறுக்குங்கள். வீட்டுக்கு வந்ததும் குழாயில் மாட்டாமல் முற்றத்திலேயே இரண்டு மூன்று சின்ன நெருப்பு மூட்டிப் பெயின்ற் மணத்தைப் போக்குங்கள். பரிசோதகர் வந்து கையெழுத்து வைக்கும்வரை வீட்டுக்குள்ளே ஒரு குச்சியும் எரிக்க வேண்டாம்.